பதினாறு கைகள்

என் அக்கா வீட்டுக்காரரின் சொந்தப் பெயரைச் சொல்லி எங்கள் சலவை ஆலையில் விசாரித்தால், 'அப்படி யாரும் இங்க இல்லீங்களே' என்பார்கள். 'கைக்கணக்கு' என்று கேட்டால் வாசல் காவலாளியே எழுந்து வந்து வழி காட்டுவார். காட்டுவார் என்று இன்னும் என் வாய் சொல்கிறது பாருங்கள். அதெல்லாம் போன மாதத்தோடு முடிந்துவிட்டது. முடித்து வைத்தவன் நான். அதைத்தான் சொல்ல வந்தேன். நடுவில் யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம்.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் லாட்ஜுகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்புவது எங்கள் வேலை. துவைக்கிற இயந்திரங்கள் சாதுக்கள். தேய்க்கிற இயந்திரம்தான் ராட்சசன். ஆள் நீளத்துக்கு மேல் இரண்டு உருளைகள், உள்ளே கொதிக்கும் நீராவி. ஈர விரிப்பை விரித்துப் பிடித்து வாயில் கொடுத்தால் மறுபக்கம் காகிதம் போல விறைப்பாக வெளியே வரும். கொடுக்க நாலு பேர், வாங்கி மடிக்க நாலு பேர். இயந்திரத்தைச் சுற்றித் தரையில் ஒரு மஞ்சள் கோடு. அதற்குள் காலை வைத்துவிட்டால் சூட்டில் பேச்சே வராது. வந்தாலும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது.

மாமாவுக்கு அங்கே இருபத்தாறு வருட சர்வீஸ், அதில் பதினாலு வருடம் ஃபோர்மேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில், நின்றிருந்த உருளையின் வாயில் சுருங்கிக் கிடந்த துணியை ஒரு புதுப் பெண் விரலால் நீவிக்கொண்டிருந்தாள். மாமா கவனிக்கவில்லை. வழக்கம் போல "ஓட்டு!" என்றார். பொத்தானை அழுத்தினார்கள். அந்தப் பெண்ணுக்கு வலது கையில் நாலு விரல் போயிற்று. விசாரணை வைத்து, ஃபோர்மேன் மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை அவர் கடைசிவரை போய் வாங்கவில்லை.

அன்றிலிருந்துதான் கைக்கணக்கு. உருளை ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் மஞ்சள் கோட்டுக்குள் நிற்கிற எல்லோரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும். மாமா விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணுவார். பதினாறு வந்தால்தான் "ஓட்டு!" அதற்குப் பிறகுதான் கொடுக்கிற வரிசையில் முதலில் நிற்கிற, நாங்கள் எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடுகிற பெண் பச்சைப் பொத்தானை அழுத்துவாள். நாற்பது வினாடி ஆகும். ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது தடவை. பார்க்க வருகிறவர்கள், "என்னய்யா, எல்லாரும் போலீஸ்ல சரணடையிறீங்களா?" என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். பதினோரு வருடத்தில் ஒருத்தருக்கும் ஒரு நகக்கீறல் இல்லை.

அந்தப் பதினாறில் இரண்டு என்னுடையவை. படித்த படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு, அக்கா வீட்டில் தண்டச் சாப்பாடு தின்றுகொண்டிருந்த என்னை ஒன்பது வருடத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் மடிக்கிற வரிசையில் நிறுத்தியவர் அவர்தான். முதல் நாள் கையை அரைகுறையாகத் தூக்கினேன். "மச்சான், கல்யாண வீட்ல சாப்பாடு போதும்னு காட்டுற மாதிரி காட்டாத. நல்லாத் தூக்குடா" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். மானம் போயிற்று என்று நினைத்தேன். மானம் போவது என்றால் என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது.

இந்த வருடத் தொடக்கத்தில் ஆலையை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. புது மேனேஜர் வந்தார். தங்கமான மனிதர், அதைச் சொல்லிவிட வேண்டும். குரலை உயர்த்த மாட்டார். காவலாளிக்குக்கூட முதலில் அவர்தான் வணக்கம் சொல்வார். அவர் ஒரு நாள் எங்களை எல்லாம் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்து, திரையில் கட்டம் கட்டமாக ஒரு படம் காட்டினார். "நண்பர்களே, இங்க ஏழு அடுக்கு இருக்கு. இதை நாலாக்கப் போறோம். அடுக்கு குறைஞ்சா உங்க பேச்சு சீக்கிரம் மேல வந்து சேரும்" என்றார். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மாமா மேலிருந்து கீழாக ஒவ்வொரு கட்டமாகத் தேடினார். மடியில் வைத்திருந்த அவர் விரல் எண்ணிக்கொண்டே போனது. ஃபோர்மேன் என்ற கட்டமே இல்லை.

பெரியக்கா என் காதருகில் குனிந்து, "நமக்கு மேல இருக்கிற சுமை ஒண்ணும் குறையல தம்பி. முதுகெலும்பை உருவிட்டு நிமிர்ந்து நில்லுங்கறாங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடம் திரையில் 'ஒருங்கிணைப்பாளர்' என்ற கட்டத்துக்குள் என் பெயர் வந்தது.

ஏன் நான்? எனக்கு டேப் கம்ப்யூட்டரில் தட்டத் தெரியும், பட்டம் வாங்கியிருக்கிறேன், அவ்வளவுதான். மாமாவுக்குப் 'பொது உதவியாளர்' என்று போட்டார்கள். ஈரத்துணி டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்து விட வேண்டும். அதுவும் மூன்று மாதத்துக்கு மட்டும். மூன்று மாதம் எல்லா வேலையையும் கவனித்துப் பார்த்து, தேவையில்லாத இடங்களை எடுத்துவிடுவார்களாம். மாமாவுக்கு ஐம்பத்து நாலு வயது. இந்த வயதில், உருளையைத் தவிர வேறு எதுவும் தெரியாத மனிதனை எவன் கூப்பிடுவான்? மூன்று மாதத்துக்குள் தான் தேவை என்று அவர் காட்டியாக வேண்டும், இல்லையென்றால் தெரு. கழுதை தேய்ந்து கட்டெறும்பானது என்பார்கள். அந்தக் கட்டெறும்புக்கும் மூன்று மாதக் கெடு வைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

அவருடைய கண்ணாடி அறையை ஒரே மதியத்தில் கழற்றிக்கொண்டு போனார்கள். அது இருந்த இடத்தில் தரை மட்டும் சதுரமாக வெளுப்பாகத் தெரிந்தது. பத்து நாள் வரைக்கும் மாமா டிராலியோடு வரும்போது அந்தச் சதுரத்தைச் சுற்றிக்கொண்டுதான் வந்தார். குறுக்கே தள்ளினால் சுவரில் இடித்துவிடும் என்பது போல. ஃபோர்மேனின் நீலச் சட்டையை வாங்கிக்கொண்டு எல்லோரையும் போலச் சாம்பல் நிறச் சட்டை கொடுத்தார்கள். நீலம் எனக்கு வந்தது. தோள் கொஞ்சம் லூசாக இருந்தது.

சட்டை மாறிய அன்று ராத்திரி அக்கா வீட்டில்தான் சாப்பாடு. அக்கா முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தாள். "ஆக, வீட்ல இவரு உனக்கு மாமா. அங்க நீ இவருக்கு மாமனாரா? இனிமே என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னாலும் உன்கிட்டதான் லீவு கேக்கணுமாக்கும்?" மாமாவும் சிரித்தார். "உன் தம்பி நல்ல ஆபீசர். காரணம் கேக்காமலே குடுத்திடுவான்" என்றார். அவர் கை கழுவப் போனதும் அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"ஏண்டா, அந்த வேலைய நீயா கேட்டு வாங்கினியா?"

"சத்தியமா இல்லக்கா."

"வேண்டாம்னும் சொல்லலல்ல?"

தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது.

மறுநாள் காலை ஆறு மணி. மடிக்கிற வரிசையில் என் இடத்துக்கு யாரையும் போடவில்லை. எட்டுப் பேர் வேலையை ஏழு பேர் செய்ய வேண்டும். நான் டேப்போடு மஞ்சள் கோட்டுக்குள் நின்றேன். புது விதிப்படி நான் தலையசைத்தால் பெரியக்கா பொத்தானை அழுத்த வேண்டும். தலையசைத்தேன். பெரியக்கா என்னைப் பார்க்கவே இல்லை. ஏழு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு, டிராலி பக்கம் திரும்பி நின்றார்கள். மாமா தயங்கினார். பிறகு பழக்கம் ஜெயித்தது. டிராலியை விட்டுவிட்டு எண்ணினார். பதினாலு. என்னைப் பார்த்தார். நான் ஒரு கையைத் தூக்கினேன்.

"பதினஞ்சு. அந்தச் சனியனைக் கீழ வச்சிட்டு இன்னொண்ணையும் தூக்கு மச்சான்" என்றார்.

"மாமா, நான் மெஷின்ல கை வைக்கப் போறதில்லையே."

"கோட்டுக்குள்ள நிக்கிறேல்ல? எனக்குப் பதினாறு வரணும்."

டேப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தூக்கினேன். "ஓட்டு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்களிடமிருந்து எதையும் யாரும் பிடுங்கிவிடவில்லை என்று ஒரு நினைப்பு. அறிவுகெட்ட கூட்டம், அதில் முதல் ஆள் நான்.

இரண்டு வாரம் கழித்து மேனேஜர் வந்தபோது மாமா டிராலியோடு நின்றார். என்னைப் பார்த்து, "இதை எங்க விடட்டும் சார்?" என்றார். சார்! ஒன்பது வருடமாக 'டேய்' என்று கூப்பிட்ட வாய். அந்த ஒரு சொல்லுக்கு அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். நான், "அந்த ஓரமா விடுங்க" என்றேன். மாமா என்று சொல்லவில்லை. மேனேஜர் பக்கத்தில் இருந்தார் அல்லவா.

ஒன்றரை மாதம் ஆனதும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு வரைபடம் காட்டினார். "இந்த ரோலர் தினமும் ஆறு நிமிஷம் சும்மா நிக்குது. மத்த ஆலைகள்ல இப்படி இல்ல. ஏன்னு தெரியுதா?" என்றார்.

தெரியாமல் என்ன? வாயைத் திறந்து, 'சார், கை எண்ணுறோம். ஒரு பொண்ணுக்கு விரல் போச்சு, அதனால எண்ணுறோம்' என்று சொல்லியிருக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். அவர் காது கொடுத்துக் கேட்கிற மனிதர். ஆனால் சொன்னால் மாமாவின் பெயர் வருமே, கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது 'இவர்தான் நிறுத்துகிறார்' என்று எழுதிவிடுவார்களே என்று பயந்தேன். அவரைக் காப்பாற்றுகிறேனாம் நான்! "பார்த்துச் சரி பண்ணிடுறேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். "எண்ணாதீங்க மாமா. அந்த ஆறு நிமிஷம் உங்க தலையில வந்து விடியும்."

"நான் எங்கடா எண்ணுறேன். அவங்க தூக்குறாங்க. தூக்கின கையை எண்ணாம எப்படி விடுறது?"

"அப்ப தூக்க வேண்டாம்னு சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டாங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும்போது, "மெஷினுக்குப் புதுசா ஏதோ கண்ணு வச்சிருக்காங்களாமே. கை கிட்டப் போனா நின்னுடுமா?" என்று கேட்டார்.

"நின்னுடும் மாமா."

"நீ வச்சுப் பாத்தியா?"

"இல்ல."

"சரி" என்றார்.

காலையில் ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்து வரிசைக்கு முன்னால் நின்றார். சாம்பல் சட்டையில் அவரைப் பார்த்தால் யாரோ போல இருந்தது. "இன்னையிலிருந்து யாரும் கையைத் தூக்க வேண்டாம். தம்பி தலையசைச்சா ஓட்டிடுங்க" என்றார்.

பெரியக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "இத்தனை வருஷம் நீங்க சொன்ன எல்லாத்தையும் கேட்டோம் அண்ணே. இதை மட்டும் கேக்க மாட்டோம். உங்களைத் தூக்கி ஓரமா வச்சது அவங்க. நாங்க வைக்கல."

"கேக்கணும்மா. நீங்க தூக்கத் தூக்க என் பேருக்குத்தான் கேடு. எனக்காகச் செய்யிறீங்க, அதுவே என்னைச் சாப்பிட்டுடும். நான் உங்களுக்குச் சொல்ற கடைசி வேலைன்னு வச்சுக்குங்க."

கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. ஆறு மணிக்கு நான் தலையசைத்தேன், பெரியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். உருளை உடனே ஓடியது. மாமா டிராலிப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அது நன்றாக ஓட ஆரம்பிக்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஒரு மாதம் அப்படிப் போனது. உருளை ஒரு வினாடிகூடச் சும்மா நிற்கவில்லை. முதல் வாரம் எல்லோருக்கும் கை தானாக மேலே போகப் பார்த்தது, பிறகு பழகிவிட்டது. மனிதர்களுக்கு எதுதான் பழகாது? மாமா மெலிந்தார். மதியச் சாப்பாட்டை வரிசைக்காரர்களோடு சாப்பிடுவதை விட்டுவிட்டார். அவர்கள் எழுந்து இடம் கொடுப்பதைப் பார்க்க அவருக்குக் கூச்சம். இந்தப் பக்கம் என்னோடு உட்காரவும் கூச்சம். அழுக்கு மூட்டை அறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். நான் ஒரு நாள் போய்க் கூப்பிட்டேன். "நீ போடா, உன்னைத் தேடுவாங்க" என்றார்.

மூன்றாவது மாதக் கடைசியில் மேனேஜர் என்னை மறுபடி கூப்பிட்டார். முகமெல்லாம் மலர்ச்சி. அதே வரைபடம், இப்போது பாதியிலிருந்து கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. "அருமை. எப்படிப் பண்ணினீங்கன்னு விசாரிச்சேன். பழைய ஃபோர்மேன் தலையிடுறதை நிறுத்தின அன்னைக்கே இது விழுந்திருக்கு. அப்ப தாமதத்துக்குக் காரணம் எதுன்னு தெளிவாயிடுச்சு. அந்த இடம் தேவையில்லைங்கிறதும் தெளிவாயிடுச்சு" என்றார்.

அப்போதுதான் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தப் பெண்ணின் விரல், பதினோரு வருடம், பதினாறு கை, அவர் நிறுத்தியதே நான் சொல்லித்தான் என்பது. மேனேஜர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். முகம் வாடியது. நடிப்பு இல்லை.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா, நானே அதை விதியா எழுதி வச்சிருப்பேன். அவரையே அதுக்குப் போட்டிருப்பேன். இப்ப ஆள் குறைக்கிற பட்டியல் மேலிடத்துக்குப் போயிடுச்சு. இப்ப நீங்க சொன்னா, சொந்தக்காரருக்காகப் பேசுறீங்கன்னுதான் எடுத்துக்குவாங்க."

"கையை எண்ணுறதையாவது திரும்பக் கொண்டு வரலாமே சார்."

"எழுதிக் குடுங்க, பரிசீலிப்பாங்க" என்றார். பிறகு ஒரு உறையை என் பக்கம் நகர்த்தினார். "ஒருங்கிணைப்பாளர்தான் நேர்ல குடுக்கணும். வருத்தமா இருக்கு."

அழுக்கு மூட்டை அறைக்குப் போனேன். மாமா சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, ஆஸ்பத்திரி மூட்டையில் ஊசி ஏதும் கிடக்கிறதா என்று உதறிப் பார்த்துக்கொண்டிருந்தார். உறையைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். படித்தார். நான் அழுதேன். அவர் அழவில்லை.

"கையெழுத்து எங்க போடணும்?"

"மாமா, என்னைத் திட்டுங்க. நாலு வார்த்தை திட்டிடுங்க."

"உன்னைத் திட்டி என்னடா ஆகப்போகுது. அந்தப் பொண்ணு அன்னைக்கு என்னைத் திட்டிச்சா?" என்றவர், உறையை மடித்துப் பைக்குள் வைத்தார். "உங்க அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ முன்னாடி போய் எதையும் உளறி வைக்காத." பிறகு மறுபடி மூட்டையை உதற ஆரம்பித்தார்.

மறுநாள் காலை கடைசியாகக் கணக்குத் தீர்க்க வந்தார். சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுச் சட்டையில் நின்றார். காவலாளி கூடவே வந்து உருளை அறை வாசலில் காத்திருந்தார். உள்ளே வர மாமாவுக்கு அனுமதி இல்லை. மணி ஆறு ஆகப் போகிறது. மேல்மாடி ஆபீஸ் கண்ணாடிக்குப் பின்னால், பட்டியல் பார்க்க வந்த தலைமை அலுவலகத்துக்காரர்கள் இரண்டு பேர் மேனேஜரோடு நின்றிருந்தார்கள்.

நான் தலையசைத்தேன். பெரியக்கா பொத்தானை அழுத்தவில்லை. வாசல் பக்கம் திரும்பி இரண்டு கையையும் மெல்லத் தூக்கினாள். அவளைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அடுத்தவர். ஏழு பேரும் தூக்கினார்கள். மாமாவின் முகம் அந்த நேரத்தில் எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்ல வராது. விரலை நீட்டினார். உதடு அசைந்தது. கொடுக்கிற பக்கம் எட்டு, வாங்குகிற பக்கம் ஆறு. பதினாலோடு விரல் என்னிடம் வந்து நின்றது.

நான் மஞ்சள் கோட்டுக்குள்தான் நின்றிருந்தேன். டேப்பை இடுப்பில் செருகினால் போதும். நாற்பது வினாடி. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் குனிந்து மேனேஜரிடம் ஏதோ கேட்டார். என் நீலச் சட்டையின் லூசான தோளுக்குள் என் கைகள் இரண்டும் இருந்தன, நன்றாகத்தான் இருந்தன.

மாமா காத்திருந்தார். காவலாளி அவர் தோளைத் தொட்டு, "போலாங்களா?" என்றார். நீட்டின விரலை மடக்கிக்கொண்டு அவர் திரும்பினார். "ஓட்டு" என்று சொல்லவில்லை.

நான் தூக்கவில்லை. பெரியக்கா கையைக் கீழே இறக்கி, என்னைப் பார்க்காமல் பொத்தானை அழுத்தினாள்.